டப்பாவில் போட முடியாத சிம்

மில் விடுதியில் சேரும் பெண்கள் போனை வைத்துக்கொள்ளலாம். சிம்மை மட்டும் கழற்றி, வார்டன் கமலவேணியின் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். புதிதாக வந்த சந்தனமாரியின் போனில் சிம்மை எடுக்க ஊக்கு நுழைய ஓட்டையே இல்லை.

“இது இ-சிம் மேடம். கார்டு கிடையாது. நம்பர் போனுக்குள்ளயே இருக்கும்.”

“தெரியும் கண்ணு. லாக்க மட்டும் எடு.”

கமலவேணி தன் போனையும் அவள் போனையும் அருகருகே வைத்து மாறி மாறித் தட்டினாள். சற்று நேரத்தில் சந்தனமாரியின் திரையில் சிக்னல் கோடுகள் அழிந்தன. வார்டனின் திரையில் இ-சிம் பட்டியலில் இருந்த பெண்களின் பெயர்களுக்குக் கீழே அவள் பெயரும் வந்து உட்கார்ந்தது.

“அம்மைட்ட எப்படிப் பேச?”

“நான் சொல்லிக்கறேன். மெசேஜ்ல அம்மாவ எப்புடிக் கூப்புடுவே?”

“யம்மானு.”

கமலவேணி அதைக் குறித்துக்கொண்டாள்.

மதியம் சந்தனமாரிக்குக் கொடுத்த எவர்சில்வர் தட்டில் ‘ம. ஜெசிந்தா’ என்று பெயர் வெட்டியிருந்தது. சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்றவளிடம் அது யார் என்று கேட்டாள்.

“உன் கட்டில்ல இருந்தவ. நாலு மாசமா ஆளக் காணல.”

“வீட்ல தேடலயா?”

“யாரும் வரலியே.”

வரிசை நகர்ந்து வார்டனின் நாற்காலியைக் கடந்தது. கமலவேணி குனிந்து டைப் செய்துகொண்டிருந்தாள். ஜெசிந்தாவின் எண்ணிலிருந்து ‘சாப்பிட்டேன்மா, நல்லா இருக்கேன்’ என்று போயிற்று. மறுநொடியே ‘சரி பாப்பா’ என்று பதில் வந்தது. விரல் பட்டியலின் கடைசிப் பெயருக்கு இறங்கியது.

‘யம்மா, சாப்பிட்டேன்.’

சந்தனமாரியின் தட்டில் இன்னும் சோறு விழவில்லை.