பாஸ் போடாத டெஸ்டர்

“இன்னாங்க இது? கோடு, கோடு, கோடுன்னே போய்க்கினு கீது. காது வலிக்குது. வேஸ்ட்டு.”

“மாசக்கணக்கா உக்காந்து எழுதினது சார். வேஸ்ட்டுங்கறீங்க?”

“எழுதினா போதுமா? இத வச்சி நான் இன்னா பண்ண? பாஸ் போட முடியாது.”

போன மாதம் டெஸ்டர் ஹம்மாத்தோடு போனில் நடந்த இந்தப் பேச்சை மேகலா மறக்கவில்லை. அடையாறு ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் அதை மனதுக்குள் ஓட்டி ஓட்டிக் கூர் தீட்டி வைத்திருந்தாள்.

கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகளையும் குறிகளையும் வைத்தே கட்டமும் வரைபடமும் வரைகிற மென்பொருள் லைப்ரரி அது. அவளே எழுதியது. அதைச் சோதித்துப் பார்த்து ஹம்மாத் பாஸ் போட்டால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம். இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டான்.

அவன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். ஆபீசில் யாரும் அவனை நேரில் பார்த்ததில்லை. இந்தத் தடவை மெயில் அனுப்பாமல், மந்தைவெளியில் அவன் வீட்டுக்கே ஸ்கூட்டியை விட்டாள். ‘என் எதிர்ல இன்ஸ்டால் பண்ணட்டும். அந்த வாயாலயே சூப்பர்னு சொல்ல வெச்சு ஆபீஸ் குரூப்புல போடலைன்னா நான் மேகலா இல்ல.’

வாசலில் நின்று, “சார், நான் மேகலா. என் லைப்ரரிய என் எதிர்லயே டெஸ்ட் பண்ணுங்க,” என்றாள்.

“கதவு தொறந்துதான் கீது. வாங்க.”

ஹம்மாத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு காதில் இயர்போன் வேறு. ‘பாட்டா கேக்கற? இரு.’

“டீ சாப்பிடறீங்களா மேடம்?”

“மொதல்ல வேலைய முடிங்க சார்.”

சிரித்துக்கொண்டே கீபோர்டில் விரல்களை ஓடவிட்டான். “இன்ஸ்டால் ஆயிடுச்சு. டெஸ்ட் ஓட்றேன்.”

திரையில் கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை.

“ஓடுதா?”

“ஜோரா ஓடுது. அதே கோடு, கோடுதான்.”

“எங்க சார்? ஒண்ணுமே வரலியே!”

எட்டிப் பார்த்தாள். மானிட்டர் அணைந்திருந்தது. ஆத்திரத்தோடு பொத்தானை அழுத்தினாள். நீலத் தூண்களும் பச்சை வளைவுமாக அவளுடைய வரைபடம் திரை நிறைய விரிந்தது.

“மானிட்டரக்கூடப் போடாமதான் ரெண்டு வாட்டி ஃபெயில் போட்டீங்களா? இப்பப் பாருங்க! இதுவா வேஸ்ட்டு? சொல்லுங்க, ஆபீஸ் பூரா கேக்கட்டும்!”

போனில் ரெக்கார்டரை அமுக்கி அவன் முகத்தருகே நீட்டினாள்.

ஹம்மாத் திரையைப் பார்க்கவில்லை. அவள் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பி, கம்ப்யூட்டரிலிருந்து இயர்போன் வயரைப் பிடுங்கினான். ஸ்பீக்கரில் ஓர் இயந்திரக் குரல் திரையில் இருந்ததை வாசித்துக்கொண்டிருந்தது.

“கோடு. கோடு. கோடு. கட்டம். கோடு. கோடு...”

மேகலாவின் கை தானாகத் தாழ்ந்தது. ரெக்கார்டரை நிறுத்தினாள்.

“கண்ணு தெரியாதுன்னு சொன்னா, பாவம்னு வேற டெஸ்டருக்குத் தள்ளிடுவாங்க மேடம். அதான் இத்தினி வருஷமா யாராண்டயும் சொல்லவும் இல்ல, கேக்கவும் இல்ல.”

கொஞ்சம் தயங்கினான்.

“அந்தப் படத்துல இன்னா கீதுன்னு, இந்தக் குரல் எனக்கும் சொல்ற மாதிரி எழுதித் தர்றீங்களா?”