ஆறு மணிக்கு அலறும் போன்

ஆபீஸ் கம்ப்யூட்டர் சர்வர் நின்றால் அலறுகிற மாதிரி எச்சரிக்கை அமைப்பது தணிகைவேலின் வேலை. மனைவி பூங்கோதையின் நாடித்துடிப்பு பார்க்கும் கைப்பட்டையிலும் ஒன்று அமைத்துவிட்டான், கண்ணுகளா. எந்த நேரத்தில் அவள் நெஞ்சு படபடத்தாலும் இவன் போன் அலறும்.

தினமும் சரியாக ஆறு மணிக்கு அலறியது. இவன் ஆபீசை விட்டுக் கிளம்பும் நேரம் அது.

“நீ போறதுக்குள்ள யாரோ வந்துட்டுப் போறான்டா மாப்ள,” என்று பக்கத்து சீட்டு லாரன்ஸ் சிரித்தான்.

அது முள்ளாய்த் தைத்தது. மறுநாள் மூன்று மணிக்கே கிளம்பினான். பைக்கைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு ஓசைப்படாமல் நடந்தான். வாசலில் வேற்று ஆள் செருப்பு எதுவும் இல்லை. போனும் சும்மாதான் இருந்தது.

“பூங்கோதை!” என்று கூப்பிட்டான்.

கையிலிருந்த போன் அலறியது.

அவள் கதவைப் பாதி மட்டும் திறந்தாள்.

“இன்னிக்கு நான் என்னங்க தப்புப் பண்ணேன்?”