நாற்பது சதவீதம்

எங்கள் கம்பெனியின் புது அலுவலகக் கட்டடத்துக்கு மின்சாரக் கணக்கு போடுவது என் வேலை. எத்தனை இணைப்பு இருக்கிறது, அதில் ஒரே நேரத்தில் எவ்வளவு ஓடும் என்பதை மென்பொருள் திரையிலேயே காட்டிவிடும்.

கம்ப்யூட்டர்களில் மட்டும் நாற்பது சதவீதம்தான் ஒரே நேரத்தில் ஓடும் என்று யாரோ போட்டிருந்தார்கள். நூறாக்கினேன். மொத்தம் டிரான்ஸ்ஃபார்மரின் அளவைத் தாண்டிச் சிவப்பானது.

முதலாளி வந்துவிட்டார். "யாரும்மா இதை மாத்துனது?"

"நான்தான் சார். ஐம்பது பேரும் நாள் முழுக்கத் தலை நிமிராம உழைக்கிறோம். எல்லா கம்ப்யூட்டரும் ஒண்ணாத்தானே ஓடும்? இதுல போய் மிச்சம் பிடிச்சா வயர் கருகிடும்."

"கருகாது. பழையபடியே வை."

"எப்படி சார்? முப்பது சீட் சும்மாவா கிடக்கும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பழைய எண்களைத் திரும்பக் கொண்டுவந்து, மேஜை மேஜையாகப் பார்த்தேன். இருபதுக்கு நூறு, மீதி முப்பதுக்குப் பூஜ்யம். என் மேஜைக்கும் பூஜ்யம்.

"வெளிய யார்கிட்டயும் மூச்சு விடாதம்மா" என்றார் முதலாளி. "கணக்கை மட்டும் இன்னைக்கே முடிச்சுக் குடுத்துடு. நீ போட்டாத்தான் தப்பு வராது."