புறங்கை

குளியலறைத் தாழ்ப்பாளை இன்று அவள் போடவில்லை.

முக்காலியில் உட்கார்ந்து, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள். மடியில் தைலக் கிண்ணம். வெந்நீரில் வைத்து எடுத்த இளஞ்சூடு.

வெளிக்குழாயில் அவள் கணவன் கை கழுவும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கழுவினான்.

கையும் காலும் தெளிந்துவிட்டன. செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்த முழங்கையில் இப்போது புதுத் தோல். கத்தரிக்காய், கருவாடு, தயிர் எதையும் தொடவில்லை. கஷாயத்தை ஒருவேளைகூட விட்டதில்லை.

நடு முதுகு மட்டும் அப்படியே இருந்தது.

வைத்தியரம்மா இன்று காலை பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏனம்மிணி, இங்க தைலமே படலையே. முதுகுக்கு யாரு போட்டுவிடறது?"

"நானேதானுங்க."

"எப்படி எட்டும்? வீட்டுக்காரர் எதுக்கு இருக்காரு? அவரைப் போடச் சொல்லு. இல்லாட்டி இது ஆறவே ஆறாது."

வீட்டுக்காரர் இருந்தார். கூடத்தில்.

நோய் முதுகுக்கு ஏறிய வாரம், தலையணையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனவன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்ற பயம்.

இன்று வாய்விட்டுக் கேட்டது தைலம் போட்டுவிடத்தான்.

கதவு திறந்தது.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். கிண்ணம் மடியிலிருந்து போனது.

முதுகில் சூடு பட்டது.

உள்ளங்கை இல்லை. விரல் முட்டிகள். புறங்கை.

வேண்டாததை ஒதுக்கித் தள்ளுகிற மாதிரி, புறங்கையால்.

"அருவருப்பா இருந்தா விட்டுருங்க. நானே பாத்துக்கறேன்."

கை நின்றது.

"என்ன பேச்சுப் பேசற கோகிலா? லேத்துப் பட்டறைல நின்னு நின்னு என்ற உள்ளங்கை சொரசொரன்னு உப்புத்தாள் மாதிரி ஆயிப்போச்சு. அன்னைக்குத் தூக்கத்துல தெரியாம பட்டதுக்கே நீ அலறுனயே. மறுபடி பட்டுருமோன்னுதான் கூடத்துல கெடக்கறேன்."

தைலம் முதுகுத்தண்டின் வழியே மெல்ல இறங்கியது. புறங்கை அதை வழித்து மேலே ஏற்றியது. மிகவும் மெதுவாக. பிறந்த குழந்தையைத் துடைப்பது போல.

அவள் கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

எட்டியது.

அவன் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கை படும்படி திருப்பி வைத்தாள்.