நிறம் மாறாத இறக்கை

இறப்பதற்கு முன் ஜெனோவா, கணினியாக இயங்கிப் பேசும் வீட்டுச் சுவருக்கு ஒரு கொக்கை நிரலாக எழுதிக் கொடுத்திருந்தாள். தொட்டால் நிறம் மாறும்; இடது இறக்கை மட்டும் சாம்பலாகவே நிற்கும். நிறத்துக்கான ஆங்கிலச் சொல்லை நிரலில் ஓரிடத்தில் பிரிட்டிஷ்காரர்போல ‘colour’ என்றும் இன்னோரிடத்தில் அமெரிக்கர்போல ‘color’ என்றும் எழுதிவிட்டதால் வந்த பிழை அது.

அவள் போனபின் ஒருநாள் அம்மா புஷ்பம் தொட்டபோது இரண்டு இறக்கைகளும் சிவந்தன.

“பிழையைத் திருத்திவிட்டேன், அம்மா,” என்றது சுவர்.

“ஒன்ட்ட யாரு கேட்டா? பழையபடி மாத்து.”

“பிழைகளைச் சேமிப்பதில்லை. வேண்டுமானால் அந்த இறக்கையை நானே சாம்பலாக்குகிறேன்.”

“ஏட்டி, ஆக்கட்டுமே. பாக்க அதே மாதிரிதான இருக்கும்?” என்றார் புஷ்பத்தின் கணவர் செல்வின்.

“தப்பு பண்ணுனது எம் மவ. இது பண்ணுனா அது தப்பே இல்லியே.”

சுவர் செல்வின் சொன்னபடி இறக்கையைச் சாம்பலாக்கியது. அதன்பின் புஷ்பம் கொக்கைத் தொடவில்லை.