சூடு ஆறுவதற்குள்

இன்ஜின் மேஜைமேல் வந்து உட்கார்ந்ததும் அவள் கை முதலில் அதன் அடிப்பக்கத்தைத்தான் தேடிப் போனது.

அங்கேதான் நம்பர் இருக்கும்.

இந்த ரக மோட்டார் சைக்கிளின் இன்ஜின் எது வந்தாலும் அவள் அப்படித்தான். துணியை மண்ணெண்ணெயில் நனைத்துப் பிசுக்கைத் துடைப்பாள். கடைசி நாலு எண்ணைப் படிப்பாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் வேலையைத் தொடங்குவாள். பதினோரு வருஷமாக ஒன்றும் நடக்கவும் இல்லை.

இன்று நாற்பத்தொன்று எழுபத்திரண்டு என்று இருந்தது.

துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். எண் மாறவில்லை.

தம்பியின் வண்டி. வாங்கிய அன்று பதிவுப் பாரத்தில் அந்த எண்ணை எழுதியதே அவள்தான்.

இன்ஜினைக் கொண்டுவந்த பஸ் டிரைவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வாங்க என்று சொல்லியும் அவர் நகரவில்லை. ஒரு பொம்பளை இன்ஜினுக்கு மெருகேற்றுவதை வேடிக்கை பார்க்கிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். அப்படிப் பார்த்தவர்கள் ஊர்ப்பட்ட பேர்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், அம்மாவை அடக்கம் செய்து முடித்த பிறகுதான் தம்பி வந்து சேர்ந்தான்.

"பாக்கவேண்டியவ போய்ட்டா. இனி யாரைப் பாக்க வந்தே?" சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

அவன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வந்த வண்டியிலேயே திரும்பினான். வழியில் பாலம் உடைந்து, ராத்திரி முழுக்க ஊரெல்லாம் சுற்றி வந்திருக்கிறான் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அதற்குள் போனவன் போனவன்தான்.

கீழே கடை, மேலே ஓர் அறை. அவ்வளவுதான் இப்போது அவள் வீடு. பேச்சுத்துணை என்றால் இன்ஜின்கள்தான். உனக்கென்ன கேடு, இப்படிப் பூத்துக்கிடக்கே என்று திட்டுவாள். பதில் வராது. கோபித்துக்கொண்டு எழுந்து போகாமல் இருக்கிறதே, அதுவே போதும்.

இதுவும் பூத்துத்தான் கிடந்தது. பெயின்ட் படாத வெறும் அலுமினியம் ஈரத்தில் நின்றால் மாவு தூவியதுபோல் வெள்ளை பிடிக்கும். யாரோ அதை சோடா காரம் போட்டுக் கழுவியிருந்தார்கள். அந்த இடமெல்லாம் கருத்துப்போய்த் தண்ணீர் வழிந்த தாரைகள் அப்படியே பதிந்திருந்தன.

துளைகளையெல்லாம் அடைத்தாள். மெல்லிய சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்றடித்து உலர்த்தினாள். பொடிக் கண்ணாடி மணிகளை வீசியடித்துக் கறையை எடுத்தாள். வார்னிஷ் அடிக்கிற பேச்சே அவளிடம் கிடையாது. இன்ஜின் சூட்டில் அது உரியும். உரிந்த இடத்தில் ஈரம் புகுந்து, புழு ஊர்ந்த மாதிரி கோடு கோடாய் அரிக்கும். அவள் மெழுகுதான் போடுவாள்.

கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. மனசு மட்டும் ஒரே இடத்தில் நின்றது. ஆள் இருந்து விற்றானா, ஆள் இல்லாமல் போய் விற்றார்களா?

கேட்காமலே இருந்துவிடலாம். கேட்காதவரைக்கும் அவன் எங்கோ இருப்பான்.

சூடான காற்றடித்து உலோகத்தைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்தாள். மெழுகைத் துணியில் எடுத்தாள். டிரைவரின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"வண்டி யார்கிட்ட வாங்கினீங்க?"

"வாங்கலம்மா. வண்டி என்னுது இல்ல."

அவள் நிமிர்ந்தாள்.

"என் வீட்டு மாடியில குடியிருக்கார். ஒண்டிக்கட்டை. இன்ஜினை இறக்கிக் கொடுத்து, இந்தக் கடைக்குத்தான் கொண்டுபோகணும்னார். 'அக்கா நம்பரைப் பாக்கறாளான்னு மட்டும் கூட இருந்து பாத்துட்டு வா'ன்னார்."

டிரைவர் ஸ்டூலை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டார்.

"பாத்தீங்க. ரெண்டு தடவை துடைச்சும் பாத்தீங்க. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல. நான் போய் என்னன்னு சொல்லட்டும்மா?"



சூடு இறங்கிக்கொண்டிருந்தது. ஆறிவிட்டால் மெழுகு உலோகத்துக்குள் இறங்காது. மேலேயே திட்டுத்திட்டாய் நின்றுவிடும். அவள் குனிந்து தேய்க்க ஆரம்பித்தாள். மூடிகள், விளிம்புகள், விரல் போகாத இடுக்குகளில் குச்சியில் சுற்றிய துணி. நடுநடுவே முகத்தைத் திருப்பித் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டாள். உப்புத்தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தாலும் ஒரே நாளில் கறை ஏறிவிடும்.

டிரைவர் அவசரப்படுத்தவில்லை.

வேலை முடிந்து, மெழுகுத்தாளில் இன்ஜினைச் சுற்றிக் கட்டும்போது மணி மூன்றுதான் ஆகியிருந்தது. கல்லாவைப் பூட்டினாள். விளக்கை அணைத்தாள். சுவரில் மாட்டியிருந்த நல்ல செருப்பை எடுத்துக் காலில் போட்டுக்கொண்டாள்.

"இது செம கனம். தூக்க ரெண்டு ஆள் வேணும். நானும் வர்றேன்."

டிரைவர் எழுந்து ஒரு பக்கம் பிடித்தார். அவள் மறுபக்கம் பிடித்தாள்.

காலையில் அதை அவர் தனி ஆளாகத்தான், மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அதை அவர் சொல்லவில்லை.