வேளைக்கு ஒன்று

“வாயைத் திற,” என்றாள் கோதைநாயகி.

மாதுரி திறந்தாள்.

மாமியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நாக்கைத் தூக்கச் சொன்னாள். மாத்திரை உள்ளே போய்விட்டது என்று திருப்தியான பிறகுதான் தண்ணீர்ச் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

ஒன்பது நாளாக இதே கூத்து. வேளைக்கு ஒன்று, மூன்று வேளை.

நாளைக்கு மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். வடக்குச் சித்திரை வீதி வீட்டில் உறவுக்காரர்கள் நேற்றே வந்து இறங்கிவிட்டார்கள். இந்த நேரம் பார்த்து ஒரே மருமகள் தூரமாகி மூலையில் உட்கார்ந்தால் கோதைநாயகியின் மானம் கொள்ளிடத்தோடு போய்விடும். அதனால் மருந்துக்கடைக்கு ஒரு போன் போட்டாள். டாக்டர் சீட்டெல்லாம் யாரும் கேட்கவில்லை. நாள் தள்ளிப்போடும் மாத்திரை என்று சொன்னதே போதுமாக இருந்தது.

மாதுரி திருச்சியில் ஒரு பார்மசி கல்லூரியில் ஆசிரியை. அந்த மாத்திரையைப் பாடமாகவே நடத்துகிறவள்.

கருப்பை மாதாமாதம் உள்ளே ஒரு மெத்தை போட்டு வைக்கும். புரோஜெஸ்டிரோன் என்கிற ஹார்மோன் இருக்கும்வரை அந்த மெத்தை நிற்கும்; ஹார்மோன் இறங்கினால் உதிரும். மாத்திரை அந்த ஹார்மோன் மாதிரி ஆள்மாறாட்டம் செய்யும். மாத்திரையை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் குட்டு உடைந்துவிடும்.

அதே மாத்திரை சிலர் உடம்பில் ரத்தத்தைக் கட்டியாக்கவும் செய்யும். மாதுரியின் அம்மா, காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்கு ஏறி, நாற்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தாள். அவள் பெற்ற பெண் இதைத் தொடவே கூடாது.

இதை முதல் நாளே சொன்னாள். “சாக்கு,” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள் மாமியார்.

அப்படி நினைக்க அவளுக்கும் காரணம் இருந்தது. மாதுரிக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருந்தது. புதன்கிழமை சேர வேண்டும், டிக்கெட் எடுத்தாகிவிட்டது, ஹாஸ்டல் அறைகூடப் பேசியாகிவிட்டது. வேலை ஒரு பெயருக்குத்தான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷம் உன் அம்மாவிடம் பட்டது போதும், போனால் இந்தப் படியை மறுபடி மிதிக்க மாட்டேன் என்று புருஷன் மதுசூதனிடம் நேருக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அறுபதாம் கல்யாணம் வரைக்குமாவது இரு என்று அவன் கெஞ்சினான். அவனுக்குக் கெஞ்சத்தான் தெரியும், அம்மாவிடமும் சரி, பெண்டாட்டியிடமும் சரி.

இன்னும் நான்கே நாள். மாதுரி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சொம்போடு கூடத்துக்குப் போன மாமியார், வந்திருந்த தன் நாத்தனாரிடம் பெருமையடித்துக்கொள்வது கேட்டது. “வரவேண்டிய நாளைத் தாண்டி ஆறு நாள் நிறுத்தி வெச்சிருக்கேன். நான் மட்டும் இல்லேன்னா இன்னிக்கு இவ மூலையிலன்னா இருப்பா!”

மாதுரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விறுவிறுவென்று கொல்லைக் குழாயடிக்குப் போனாள்.

குனிந்து துப்பினாள். வெள்ளை மாத்திரை, ஓரம் மட்டும் கரைந்து, சிமெண்டுத் தரையில் விழுந்தது.

மாமியார் நாக்குக்கு அடியில் மட்டும்தான் பார்ப்பாள். கடைவாய்க்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு சந்து இருப்பது அவளுக்குத் தெரியாது.

“அடிப்பாவி!”

திரும்பினாள். கோதைநாயகி பின்னாலேயே நின்றிருந்தாள்.

“எத்தனை நாளா இப்படித் துப்பிண்டிருக்கே?”

“முதல் நாள்லேர்ந்து. ஒண்ணுகூட முழுங்கலை. நாளைக்கு மண்டபத்துல, எல்லார் முன்னாடியும் தூரமாகணும்னுதான் காத்துண்டிருக்கேன்.”

சொல்லி முடித்தபோது அவளுக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. இந்த வீட்டில் மூன்று வருஷமாகக் கிடைக்காத சந்தோஷம்.

கோதைநாயகி கையை ஓங்கினாள்.

ஓங்கிய கை இறங்கவில்லை. ஏதோ யோசனை வந்தவள் போல நின்றாள். பிறகு மெல்லக் கையை இறக்கி, கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள். ஒரு தடவை எண்ணினாள். நம்பாமல் மறுபடியும் எண்ணினாள்.

“நிஜமாவே ஒண்ணுகூட முழுங்கலையா?”

குரல் தணிந்திருந்தது.

அவள் எதை எண்ணுகிறாள் என்று மாதுரிக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆறு நாள் தள்ளியதற்கு மாதுரி தனக்குள் ஒரு காரணம் வைத்திருந்தாள். மனசு கொந்தளித்தால் மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகிற உத்தரவு தடுமாறும், நாள் பிந்தும். புத்தகத்தில் உள்ளதுதான். போன மாதம் ஒரு ராத்திரி மதுசூதன் சமாதானம் பேச வந்ததையும், பாவம் பார்த்துத் தான் இறங்கிப்போனதையும் அவள் மறந்தே போயிருந்தாள். மாத்திரை எதுவும் இல்லாமலே அந்த ஹார்மோனை இறங்கவிடாமல் பிடித்துவைக்க ஒரு கருவால் முடியும். அதைக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவளும் அவள்தான். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப் பானையில் விழுந்திருந்தது.

கோதைநாயகி கிட்டே வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தரை வழுக்கும்டி கண்ணா. பார்த்து வா.”

மூன்று வருஷத்தில் அவள் மருமகளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. மாமியார் எத்தனை கத்தியும் பயப்படாத மாதுரிக்கு இப்போது பயமாக இருந்தது. கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். பிடி தளரவில்லை.

அவளைப் பிடித்தபடியே கோதைநாயகி கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“மது! அந்தக் கோயம்புத்தூர் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுடா.”